கல்யாணம் நடத்தி வைத்தவளுக்கு நகல் கிடையாது: எங்கள் கவுண்டி கிளார்க் அலுவலகம் பற்றி

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று சான்றிதழ் நகல் கொடுக்கும் பிரிவின் கணக்கில். திருமண லைசென்ஸ் கொடுக்கும் கவுண்டரில் குறை சொல்ல எதுவுமில்லை. சொந்தக்காரர் ஒருவரையே ஒரு நாளைக்குத் திருமண அதிகாரி ஆக்கிவிடுகிறார்களே, அந்த ஏற்பாட்டுக்கு ஆறாவது நட்சத்திரம் இருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

கலிஃபோர்னியா, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியா. எந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று எழுதப் போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டியிருக்கிறேன், அந்தக் கவுண்டரில் இருப்பவர்கள் முகத்தில் நான் நாளைக்கும் விழிக்க வேண்டும். சட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான், எனவே நீங்கள் சான் டியேகோவில் இருந்தாலும் சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும். கட்டணமும் அப்பாயின்ட்மென்ட் முறையும் மட்டும் கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

அக்கா மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டில் புரோகிதர் வைத்துக் கல்யாணம் செய்வது தாத்தா காலத்தோடு நின்றுவிட்டது. அப்பா அம்மாவுக்கு 1964-இல் சுயமரியாதைத் திருமணம். தலைவர் ஒருவர் பேச, மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பே சொல்லியிருந்தது. அண்ணா முதல்வரான பிறகு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் சேர்ந்தே செல்லுபடியாயின. அக்கா பிறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்கள் அப்பா அம்மா சட்டப்படி தம்பதி என்பதில் யாரும் கை வைக்க முடியாமல் போனது. ஆனாலும் கையில் காகிதம் என்று ஒன்றும் கிடையாது. அக்கா அமெரிக்கக் குடியுரிமை வாங்கி அப்பாவுக்கு கிரீன் கார்டு போட்டபோது, தகப்பனுக்கு விண்ணப்பிக்கிறவர் பெற்றோரின் திருமணச் சான்றிதழையும் வைக்க வேண்டும் என்றார்கள். மஞ்சள் பூத்த அழைப்பிதழ், ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம், உறவினர் இருவரின் பிரமாணப் பத்திரம், இவற்றை வைத்துத்தான் கரையேறினோம். காகிதத்தின் அருமை எங்கள் குடும்பத்துக்கு அப்படித் தெரிய வந்தது.

அதனால் அக்கா மகள் என்னிடம் வந்து, “சித்தி, நீங்கதான் எங்க கல்யாணத்தை நடத்தி வைக்கணும். ஆனா சட்டப்படி செல்லணும்” என்றபோது நான் முதலில் பார்த்தது கவுண்டி கிளார்க்கின் இணையதளத்தைத்தான்.

இங்கே யார் வேண்டுமானாலும் கல்யாணம் நடத்தி வைத்துவிட முடியாது. நீதிபதி, மதகுரு, திருமண ஆணையர் என்று குடும்பச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களும் பலர் செய்கிற சுருக்கு வழி ஒன்று உண்டு: மொடெஸ்டோவில் இருக்கும் யுனிவர்சல் லைஃப் சர்ச்சில் இணையம் வழியாகச் சில நிமிடங்களில் மதகுரு ஆகிவிடுவது. கலிஃபோர்னியாவில் அது செல்லும். ஆனால் சாமி கும்பிடாத வீட்டில் பிறந்து, சாமி கும்பிடாமலேயே ஐம்பதைத் தாண்டிய நான், அக்கா மகளுக்காக அருட்தாய் ஆவதா? அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

கவுண்டி வைத்திருக்கும் வழி இதைவிட நேர்மையானது. ‘டெபுடி கமிஷனர் ஃபார் எ டே’ என்கிறார்கள். பதினெட்டு வயது ஆன ஒருவர், குறிப்பிட்ட ஒரு ஜோடிக்கு, குறிப்பிட்ட ஒரு நாளில் திருமணம் நடத்தி வைக்க, கவுண்டி கிளார்க் அவரைத் துணை ஆணையராக நியமிப்பார். விண்ணப்பம், கட்டணம், நேரில் வந்து உறுதிமொழி. அன்றைய தினத்தோடு பதவி காலி. எல்லாக் கவுண்டியிலும் இது இல்லை, உங்கள் கவுண்டியில் இருக்கிறதா என்று தேதி குறிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கவுண்டியில் இதற்கென்று ஒதுக்கிய நேரங்கள் குறைவு, கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன.

உறுதிமொழி வாசிக்கும் கவுண்டர் எப்படி இருக்கும் என்று பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். ஒரு மர மேஜை, இரண்டு கொடி, ஒரு பெண் அதிகாரி. அவர் சொல்லச் சொல்ல நான் வலது கையைத் தூக்கித் திரும்பச் சொன்னேன்: அமெரிக்க அரசியலமைப்பையும் கலிஃபோர்னியா அரசியலமைப்பையும் உள்நாட்டு, வெளிநாட்டு எதிரிகள் அனைவரிடமிருந்தும் காப்பேன் என்று. மாலை மாற்ற வைப்பதற்கு இவ்வளவா என்று சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த அதிகாரி மட்டும் சிரிக்காமல், அவசரப்படாமல், சாவகாசமாகச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் ஒரே ஒரு எச்சரிக்கை: “சடங்கை எப்படி வேண்டுமானாலும் நடத்துங்கள். ஆனால் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக இருவரும் உங்கள் முன்னாலும் சாட்சி முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.”

கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. குடும்பச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு சொல்வதும் அதுதான்: குறிப்பிட்ட சடங்கு எதுவும் தேவையில்லை, இருவரும் அறிவித்தால் போதும். நம் 7-ஏ பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகத் தங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஊரில் சட்டசபையில் போராடி வாங்கியதை இங்கே ஒரு குமாஸ்தா அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டு, “நெக்ஸ்ட்” என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இனி லைசென்ஸ். இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் முதலில் கல்யாணம், பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. 2009-ஆம் வருஷச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தப் பழக்கத்தில், கோயிலில் தாலி கட்டி, ஹோட்டலில் சாப்பாடு போட்டு, பிறகு ஆல்பத்தோடு கவுண்டிக்குப் போய் நிற்கிறார்கள். நாங்கள் காத்திருந்த அன்றே அப்படி ஒரு தெலுங்கு ஜோடி வந்திருந்தது. பாவம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் வரிசை வேறு. முதலில் லைசென்ஸ், அதாவது கல்யாணம் செய்துகொள்ள அனுமதி. அதன் பிறகு கல்யாணம். அதன் பிறகு, கையெழுத்திட்ட அதே தாள் கவுண்டிக்குத் திரும்பிப் பதிவாகி, சான்றிதழாகிறது. நடந்து முடிந்த சடங்குக்கு முன்தேதி போட்டு லைசென்ஸ் தர மாட்டார்கள்.

லைசென்ஸுக்கு இருவரும் சேர்ந்து நேரில் போக வேண்டும். ரத்தப் பரிசோதனை இல்லை, கலிஃபோர்னியாவில் குடியிருக்க வேண்டும் என்பதில்லை, காத்திருப்பும் இல்லை. காலையில் வாங்கி மாலையில் கல்யாணம் செய்யலாம். 90 நாள் செல்லும், மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலச் சொந்தங்கள் இதைத் தங்கள் ஊருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். டெக்சஸில் வாங்கிய பிறகு 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். இல்லினாயில் மறுநாள்தான் செல்லுபடியாகும், அதுவும் எந்தக் கவுண்டியில் வாங்கினீர்களோ அந்தக் கவுண்டிக்குள் மட்டும். நியூயார்க்கில் கவுண்டியிடம் போகவே கூடாது, நகர, டவுன் கிளார்க்கிடம் போய் வாங்கி 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். லாஸ் வேகஸ் இருக்கும் கிளார்க் கவுண்டிக்காரர்கள் வேறு ஜாதி. ராத்திரி 12 மணி வரை கவுண்டர் திறந்திருக்கும்.

எங்களோடு அக்காவும் வந்தாள். வந்திருக்க வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் முதல் கேள்வியாக, பொது லைசென்ஸா, ரகசிய லைசென்ஸா என்று கேட்டான். ரகசிய லைசென்ஸ் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு வசதி. சாட்சி தேவையில்லை, பதிவை வெளியாட்கள் பார்க்க முடியாது, நகலும் தம்பதிக்கு மட்டும்தான். ஆனால் அதற்கு ஒரு தகுதி வேண்டும்: இருவரும் ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்களாக இருக்க வேண்டும். பையன் இதை விளக்கிவிட்டு, தன் கடமையைச் செய்கிற குரலில், “ஆர் யூ கரென்ட்லி லிவிங் டுகெதர்?” என்றான். மாப்பிள்ளை விண்ணப்பத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரில் இருந்த கட்டணப் பலகையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். என் அக்கா மகள்தான் சமாளித்தாள்: “பப்ளிக் ஒன்னே குடுங்க, ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துக்குச் சண்டை போட்டுட்டு இருக்காங்க.” கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அக்காவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த அலுவலகத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

விண்ணப்பத்தில் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம். மணமக்களுக்கு மட்டுமல்ல, இரு தரப்புப் பெற்றோருக்கும் பிறப்புப் பெயரோடு அதே கட்டங்கள், பிறந்த நாடும் சேர்த்து. இனிஷியலும் ஒரு பெயரும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற நமக்கு இது சோதனை. மாப்பிள்ளையின் பழைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் என்ன ஆகும் என்று பலருக்குத் தெரிந்திருக்கும்: இருக்கிற ஒற்றைப் பெயர் கடைசிப் பெயராகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ வந்து உட்காரும், அதாவது ‘ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்’, முதல் பெயர் தெரியவில்லை. டிரைவிங் லைசென்ஸிலும் அதுவே. அவர் புதிய பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பா பெயரை சர்நேமாகச் சேர்த்துவிட்டார், டிரைவிங் லைசென்ஸ் மட்டும் பழையபடியே இருந்தது. பழக்கத்தில் அதைத்தான் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். கவுண்டர் பையன் பார்த்தான், உடனே திருப்பிக் கொடுத்தான். “இந்தியாவா? பாஸ்போர்ட் இருக்கா? இதை வச்சு அடிச்சா உங்க மனைவி காலம் பூரா எஃப்.என்.யூ. என்கிறவரைக் கல்யாணம் பண்ணினவங்களாத்தான் இருப்பாங்க” என்றான். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. கொடுத்த அட்டையைப் பார்த்து அப்படியே அடித்திருக்கலாம்.

பெற்றோர் கட்டங்களில் இன்னொரு கூத்து. சம்பந்தியம்மாவின் பெயரில் ‘ழ’ வருகிறது. அவருடைய பாஸ்போர்ட்டில் ‘இசட்-எச்’, மகனின் பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் கட்டத்தில் வெறும் ‘எல்’. ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள், இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம், ஆனால் பிறகு மாற்ற முடியாது என்று கவுண்டர் பையன் காத்திருந்தான். ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டோம், அங்கே நடுராத்திரி. தூக்கத்தில் எழுந்து தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொன்னார் அந்த அம்மா. பின்னால் வரிசை நின்றது, யாரும் முகம் சுளிக்கவில்லை. அக்காவின் பிறப்புப் பெயரில் கடைசிப் பெயர் என்று எங்கள் அப்பாவின் பெயர் போயிற்று. எந்தக் காகிதமும் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மனிதரின் பெயர் பேத்தியின் திருமணப் பதிவில் அச்சாகிறது என்று எனக்குத் தோன்றியது, வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கும் தோன்றியிருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்வதாக இருந்தால் இங்கேயே, இப்போதே சொல்ல வேண்டும். 2009 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டப்படி பெண்ணானாலும் ஆணானாலும் புதுப் பெயரை லைசென்ஸ் விண்ணப்பத்தில் எழுதலாம், பைசா செலவில்லை. லைசென்ஸ் அச்சான பிறகு ஆசை வந்தால் அதில் சேர்க்க மாட்டார்கள். எங்கள் பெண் மாற்றவில்லை. ‘அப்பா பேரை எடுத்துட்டு மாமனார் பேரைப் போடுறதுல என்ன முன்னேற்றம்’ என்பது அவள் கட்சி.

அச்சடிப்பதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். தயவுசெய்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நான் கணக்குத் தணிக்கை வேலை செய்பவள், பழக்க தோஷத்தில் விரல் வைத்துப் படித்தேன். மாப்பிள்ளையின் பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன, இரண்டும் 12-க்குள் அடங்கும் எண்கள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நொடியில் திருத்தினான். பதிவான பிறகு இதைத் திருத்துவதென்றால் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. மொத்தக் கட்டணம் நூறு டாலரை லேசாகத் தாண்டியது, கார்டில் கட்டினால் அதற்கு மேல் கொஞ்சம்.

கல்யாணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, இது மண்டபத்துக்கான மதிப்புரை இல்லை. பூங்காவில், அறுபது எழுபது பேர். உறுதிமொழியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வைத்தேன், மாலை மாற்றினார்கள், மாப்பிள்ளையின் அம்மா ஆசைப்பட்டதால் தாலியும் உண்டு. தாள் விஷயம் மட்டும் சொல்கிறேன். பொது லைசென்ஸில் சாட்சிக்கு இரண்டே கோடுகள். ஒருவர் கட்டாயம், இருவருக்கு மேல் இடமில்லை. தாய்மாமன் என்ற முறையில் எங்கள் அண்ணன் ஒரு கோட்டைக் கல்யாணம் பேசிய அன்றே பிடித்துக்கொண்டான். இரண்டாவதற்கு மாப்பிள்ளையின் பெரியப்பாவும், பெண்ணின் கல்லூரித் தோழியும். “முறைன்னு ஒன்னு இருக்குல்ல?” என்றார் பெரியப்பா. ஆணையர் என்ற அதிகாரத்தில் நான் தீர்ப்புச் சொன்னேன்: ஓரத்தில், பின்பக்கத்தில், கோட்டுக்கு மேலே என்று யாரும் கூடுதலாகக் கையெழுத்துப் போடக் கூடாது, அடித்தல் திருத்தல் வெள்ளை மை எதுவும் கூடாது, கெட்டுப்போனால் மாற்று லைசென்ஸ் பணம் கட்டி வாங்க வேண்டும். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். தோழிக்கு மோதிரம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தோம்.

கருப்பு மை பேனா இரண்டு கொண்டு போங்கள். நடத்தி வைத்தவர் கட்டத்தில் பதவியின் பெயரை, கவுண்டி கொடுத்த தாளில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். கல்யாணம் நடந்த ஊர், கவுண்டி, தேதி எல்லாம் உங்கள் கையால் எழுத வேண்டியவை. பிறகு அந்தத் தாளைப் பத்து நாளுக்குள் கவுண்டிக்கு அனுப்ப வேண்டியது மணமக்களின் வேலையல்ல, நடத்தி வைத்தவரின் வேலை. நான் தபாலை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. நட்சத்திரம் குறைந்தது இதன் பிறகு.

தாளைக் கொடுத்தவுடன் சான்றிதழ் வீடு தேடி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. பதிவான பிறகு நாமே கேட்டு, பணம் கட்டி, சான்றளித்த நகல் வாங்க வேண்டும். சரி, வாங்குவோம். ஆனால் பதிவாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எங்கள் கவுண்டியில் வழியே இல்லை. இணையதளத்தில் ‘சில வாரங்கள் ஆகலாம்’ என்று ஒரு வரி. தொலைபேசியில் எண்களை அமுக்கி அமுக்கி உள்ளே போனால், கடைசியில் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லும் குரல். மாப்பிள்ளை எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், மனைவி அமெரிக்கக் குடிமகள். கணவருக்கான மனு ஐ-130-ஐயும் கிரீன் கார்டு விண்ணப்பம் ஐ-485-ஐயும் சேர்த்துப் போட வக்கீல் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு இந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தார். குடியேற்றத் துறைக்கு லைசென்ஸின் பிரதி போதாது, பதிவான சான்றிதழ்தான் வேண்டும். ஒரு குறுஞ்செய்தி, ஒரு மின்னஞ்சல், ‘உங்கள் திருமணம் பதிவாகிவிட்டது’ என்று அனுப்ப என்ன கஷ்டம்? லைசென்ஸ் வாங்கும்போது கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் கேட்டு வாங்கினார்களே!

அப்புறம் நகல் யாருக்குக் கிடைக்கும் என்ற பட்டியல். கலிஃபோர்னியாவில் பொதுத் திருமணப் பதிவுக்கு இரண்டு வகை நகல். அதிகாரபூர்வ நகல் தம்பதிக்கு, அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், வக்கீல் போன்றவர்களுக்கு மட்டும். மற்ற எவருக்கும் ‘தகவலுக்கு மட்டும், அடையாளத்தை நிரூபிக்கச் செல்லாது’ என்று முத்திரை குத்திய நகல்தான். பிள்ளைகள் தேனிலவுக்குப் போயிருந்ததால் நான் வாங்கி வைக்கலாம் என்று போனேன். பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழிப் படிவத்தை நீட்டினார்கள், உறவு முறைகளுக்கு நேரே கட்டங்கள். சித்திக்குக் கட்டம் இல்லை. கல்யாணத்தை நடத்தி வைத்தவருக்கும் இல்லை. “இதில் கையெழுத்துப் போட்டதே நான்தான், பாருங்கள்” என்றேன். கவுண்டர்காரர் பணிவாக, உறுதியாக, முடியாது என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. நான் அதற்காக நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை, ஆனால் புலம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் அக்கா போய், அம்மா என்ற கட்டத்தில் டிக் அடித்து வாங்கி வந்தாள். தபாலில் கேட்டால் அந்த உறுதிமொழியை நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

இடையில் இன்னொரு குழப்பம். கவுண்டரில் பூ வேலைப்பாடு, தங்க விளிம்பு போட்ட அலங்காரச் சான்றிதழ் ஒன்றும் விற்கிறார்கள். சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம். எங்கள் அத்தான் அதை வாங்கி, படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, வாழ்த்துகளும் வந்து குவிந்துவிட்டன. சம்பந்தி ஊரில் அதையே அச்செடுத்து யாரிடமோ காட்டி, இது ஆகாது என்று திரும்பி வந்திருக்கிறார். அசல் நகல் பார்ப்பதற்கு அழகாக இருக்காது. பாதுகாப்புத் தாளில், நம் கையெழுத்துகள் கிறுக்கலாகத் தெரியும்படி, முத்திரையோடு இருக்கும் அந்த அழுமூஞ்சித் தாள்தான் செல்லும்.

எந்தக் கவுண்டி லைசென்ஸ் கொடுத்ததோ அங்கேதான் நகலும் கிடைக்கும், கல்யாணம் நடந்த இடத்தில் இல்லை. நாப்பாவில் கல்யாணம் வைத்தாலும் லைசென்ஸ் உங்கள் ஊரில் வாங்கியிருந்தால் உங்கள் ஊருக்குத்தான் வர வேண்டும். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் மாநிலப் பதிவகமும் நகல் கொடுக்கிறது, ஆனால் அங்கே எல்லா ஆண்டுகளின் பதிவும் இல்லை. ரகசிய லைசென்ஸ் என்றால் கவுண்டி கிளார்க்கைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்தியாவில் காட்ட வேண்டுமென்றால் அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள், ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்கு உறுதிசொல்லும் முத்திரை அது. 2005-இலிருந்து இந்தியாவும் இதற்கான ஹேக் சர்வதேச ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. அதைக் கொடுப்பது கவுண்டி அல்ல, மாநிலச் செயலாளர் அலுவலகம். தபாலில் அனுப்பினால் முத்திரை ஒன்றுக்கு 20 டாலர், சாக்ரமென்டோவில் நேரில் போனால் கூடுதல் கட்டணம் உண்டு. சான்றளித்த அசல் நகலைத்தான் அனுப்ப வேண்டும், ஜெராக்ஸ் ஆகாது. முத்திரைத் தாளை நகலோடு பின் அடித்துத் திருப்பித் தருவார்கள், அந்தப் பின்னைப் பிரித்து ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

அதனால் முதல் தடவையே மூன்று நகலாக வாங்கிவிடுங்கள்: குடியேற்ற வக்கீலுக்கு ஒன்று, அப்போஸ்டிலுக்கு ஒன்று, வீட்டுக் கோப்பில் ஒன்று. லைசென்ஸ் நேரத்திலேயே கோரிக்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள், நகல் பிரிவின் கவுண்டரில் அது பாதி நேரம் தீர்ந்துபோயிருக்கிறது. பார்க்கிங் இலவசம். உள்ளே காபி மெஷின் வேலை செய்வதில்லை.